வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுத்தவர்

1. எங்கள் சமையலறை மேல்தட்டில் இருக்கும் தூக்குச் சட்டி.
2. ஜாவாவுக்கும் சி மொழிக்கும் நடுவே நாம் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம்.
3. நூல் மில்லில் அன்று காலை நடந்தது.
4. உங்களுடைய ஒரே தவறு. அதை நீங்கள் ஒப்புக்கொண்ட பெருந்தன்மை.
5. உங்களிடமிருந்து வந்து என்னிடமே தங்கிவிட்டது.

டீச்சர், இந்த ஐந்து குறிப்புகளையும் போன திங்கட்கிழமை எழுதினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, நாம் சேர்ந்து பாடம் நடத்திய பாலிடெக்னிக்கில் உங்களுக்கு நினைவுக் கூட்டம். என்னைப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். குறிப்பு இல்லாமல் எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். இன்று வெள்ளி. நேற்றுக் காலை எனக்கு ஒன்று தெரியவந்தது. என்னவென்று முதல் வரியிலேயே சொல்லிவிட நினைத்தேன். மூன்று தாளைக் கிழித்தேன். வரிசைப்படி போனால்தான் என் கை ஓடும். அதனால் திங்கட்கிழமைப் பட்டியலை ஒரு எழுத்தும் மாற்றாமல் மேலே அப்படியே வைத்திருக்கிறேன்.

முதலில் தூக்குச் சட்டி. மூடியில் உங்கள் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. போன கிறிஸ்மஸுக்கு முறுக்கும் அதிரசமும் போட்டு உங்கள் மகளிடம் கொடுத்தனுப்பினீர்கள். பொங்கலுக்கு அதில் ஏதாவது வைத்துத் திருப்பித் தருவது என்று என் வீட்டுக்காரி நினைத்திருந்தாள். அதற்குள் நீங்கள் படுத்துவிட்டீர்கள். தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே போய்விட்டீர்கள். துக்க வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகக் கூடாது. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு உங்கள் சட்டி எங்கள் மேல்தட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

"கூட்டத்துக்குப் போறப்பவாச்சும் அந்தப் பிள்ளைகிட்டக் குடுத்துருங்க. எம்புட்டு நாளைக்கு அடுத்தவுக பாத்திரத்த வச்சிருக்கிறது?" என்றாள் என் வீட்டுக்காரி, திங்கட்கிழமை காலையில்.

சட்டியை இறக்கித் துடைத்தேன். மூடியைத் திறந்தால் நல்லெண்ணெயும் ஏலக்காயும் கலந்த வாசனை இன்னும் லேசாக இருந்தது. அந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து உங்கள் பழைய மாணவன் அழைத்தான். கூட்டத்தை ஏற்பாடு செய்பவன் அவன்தான்.

"சார், டீச்சரோட வெறும் பாத்திரம் கதைய நீங்கதான் சொல்லணும். நாங்கல்லாம் கிளாஸ்ல விழுந்து விழுந்து சிரிச்சது. ஆனா அன்னைக்கு மில்லுல டீச்சர் பக்கத்துல நின்ன ஆளு நீங்க ஒருத்தருதான?"

சொல்கிறேன் என்றேன். நான்காவது குறிப்பு அப்படி வந்ததுதான்.

இரண்டாவதுக்கு வருகிறேன். ரெட்டியார்சத்திரம் பக்கத்து நூல் மில் ஒன்று, நூலின் தடிமன் எங்கெங்கே கூடுகிறது, எங்கெங்கே குறைகிறது என்று திரையில் காட்டும் கணினி நிரல் ஒன்று வேண்டும் என்று நம் பாலிடெக்னிக்கைக் கேட்டது. அளவெடுக்கும் கருவி அவர்களிடம் இருந்தது. கருவியிலிருந்து வரும் எண்களை வாங்குவது உங்கள் சி நிரல். அவற்றைக் கோடாக வரைந்து காட்டுவது என் ஜாவா நிரல். இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலக் கோப்பை இருவரும் சேர்ந்து எழுதினோம். நீங்கள் தட்டச்சு செய்ய நான் வாசிப்பேன். நான் தட்டச்சு செய்ய நீங்கள் வாசிப்பீர்கள்.

"பயந்து பயந்து அடிச்சா கம்ப்யூட்டரும் பயந்துக்கிரும் சார். சும்மா தட்டுங்க, ஒடஞ்சா ஆபீஸ்ல வேற கீபோர்டு தருவாக" என்பீர்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம். ஜாவா தன் பொருளைத் தானே காவல் காக்கும் மொழி. சி அப்படியில்லை, எங்கே வேண்டுமானாலும் கை வைக்கும். என் எண் வரிசையைச் சியிடம் கொடுத்தால் அது என்ன பாடுபடுமோ என்று கேட்டபோது, உங்கள் மேசைமேல் இருந்த மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தட்டிக் காட்டினீர்கள். இதே தூக்குச் சட்டிதான். அன்று அதில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இருந்தது.

"ஜாவா பக்கத்து வீடுன்னு வச்சுக்கங்க. அந்த அர்ரே, அதான் உங்க நம்பர் வரிச, அவுக அடுப்புல இருக்கிற கொழம்பு. சி போயி கேக்குது. அவுக ரெண்டுல ஒண்ணு செய்வாக. 'உள்ள வாம்மா, அடுப்புலயே கிண்டிக்க'ன்னு விடலாம். இல்லாட்டி ஒரு சட்டியில ஊத்திக் குடுக்கலாம். எதச் செய்வாகன்னு நம்ம சொல்ல முடியாது, அது அவுக இஷ்டம். அதனால எப்பவுமே சட்டியில வாங்குன மாதிரியே நடந்துக்கணும். வேல முடிஞ்சதும் உள்ள இருக்கிறதோட சட்டியத் திருப்பிக் குடுக்கணும். அம்புட்டுத்தான்."

திருப்பிக் கொடுக்கும் வரியில் பூஜ்யம் என்று எழுதினால், சட்டியில் உள்ளது ஜாவாவின் பானைக்குப் போய்ச் சேரும், சட்டியும் போய்விடும். கமிட் என்று எழுதினால், உள்ளதைப் பானையில் ஊற்றிவிட்டுச் சட்டியை மட்டும் இன்னும் கொஞ்சம் வேலைக்கென்று வைத்துக்கொள்ளலாம். அபார்ட் என்று எழுதினால், உள்ளதைக் கீழே கொட்டிவிட்டுச் சட்டியை மட்டும் திருப்பிக் கொடுப்பதாக அர்த்தம்.

"அதுதான் வெறும் பாத்திரம். எங்கம்மாகிட்ட அப்பிடி ஒருக்கா கொண்டாந்தேன். வாசல்லயே நிப்பாட்டி, 'ஒரு கை சீனியாச்சும் போட்டுக் குடுக்க அவுக வீட்ல ஆளில்லையா'ன்னு கேட்டுச்சு. கேட்டது என்னய இல்ல, தெருவுக்கே கேக்கிற மாதிரி!"

அப்போது நான் சிரித்தேனா, குறிப்பு எடுத்தேனா என்று நினைவில்லை. இரண்டையும் செய்திருப்பேன்.

மூன்றாவது. மில்லில் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின வாரம், சாணார்பட்டிப் பக்கம் உங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு மூன்று நாள் விடுப்பில் போயிருந்தீர்கள். திங்கட்கிழமை வந்தீர்கள், ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்தோம், கோடு அழகாக ஏறி இறங்கியது. செவ்வாய் காலை பாலிடெக்னிக் முதல்வருடைய ஜீப்பில் அவரும் நாம் இருவருமாகப் புறப்பட்டோம்.

மில்லில் புதுக் கணினி, புது ஜாவா. மேலாளர், அவருக்குப் பின்னால் முதலாளி, நூல் சுற்றும் பகுதியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பெண்கள். கருவியில் நூல் ஓடியது. திரையின் அடியில், ஓரம் முதல் ஓரம் வரை, ஒரு நேர்கோடு மட்டும் வந்தது. எல்லா எண்ணும் பூஜ்யம்.

"பரவால்லயே! எங்க நூலு இம்புட்டுச் சீராவா இருக்கு? இனிமே தரச் சோதனையே வேணாம் போலயே" என்றார் மேலாளர்.

"நூலே இல்லாம நூலு ஓடுதுக்கா" என்றாள் இரண்டு பெண்களில் இளையவள், மற்றவளிடம். எல்லோரும் சிரித்தார்கள். முதல்வர் மட்டும் சிரிக்கவில்லை.

நீங்கள் பதறவில்லை. கேபிளைப் பார்த்தீர்கள். உங்கள் சி நிரலைத் தனியாக ஓட்டினீர்கள். எண்கள் சரசரவென்று கொட்டின. பிறகு பாலக் கோப்பைத் திறந்தீர்கள். நான் உங்கள் பின்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பது என் வழக்கம். நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். திரும்பி என்னைப் பார்த்தீர்கள். மறுபடி திரையைப் பார்த்துவிட்டு, கோப்பை மூடினீர்கள்.

"தப்பு என் பக்கந்தான் சார்" என்று முதல்வரிடம் சொன்னீர்கள். "திருப்பிக் குடுக்கிற வரியில வெறும் பாத்திரத்தக் குடுத்துட்டேன். மாத்தி ஓட்ட இங்க கம்பைலர் இல்ல. நாளைக்குச் சரி பண்ணிக் கொண்டாறேன்."

மறுநாள் சரிசெய்துவிட்டீர்கள். நிரல் அந்த மில்லில் பல வருடம் ஓடியது. ஆனால் முதலாளி அந்தச் செவ்வாயன்றே எழுந்து போய்விட்டார். அடுத்த மாதம் துறைத் தலைவர் பதவிக்கு ஆள் போட வேண்டியிருந்தது. அது உங்களுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க நிதானமான ஆளு" என்று சொல்லி எனக்குக் கொடுத்தார்.

முதல் ஆளாக வந்து வாழ்த்தியவர் நீங்கள். இதே தூக்குச் சட்டியில் ரவா கேசரி.

"ஹெச்ஓடி சார், இனிமே லீவு லெட்டர உங்ககிட்டத்தான் நீட்டணுமா? அடுத்த திருவிழாவுக்கு நாலு நாள். இப்பவே சொல்லிட்டேன்."

இப்போது நான்காவது. திங்கட்கிழமை நான் எழுதியபடி அது இவ்வளவுதான்: உங்கள் வாழ்நாளில் நீங்கள் செய்த ஒரே தவறை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டீர்கள், அது மட்டுமல்ல, வருடாவருடம் மாணவர்களிடம் உங்களையே கேலிசெய்து அதைப் பாடமாக நடத்தினீர்கள். என் அறைக்கும் அந்த வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான். "ஏலே, உங்க டீச்சர் மாதிரி மில்லுல போயி வெறும் பாத்திரத்த நீட்டிராதீக" என்று நீங்கள் சொல்வதும் பிள்ளைகள் சிரிப்பதும் தெளிவாகக் கேட்கும். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என்ன மனசு இந்த அம்மாவுக்கு என்று நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொண்டேன், டீச்சர்.

கூட்டத்தில் சொல்ல வேண்டியதில் ஒரு வரியும் பிசகக் கூடாது என்று, பழைய தாள்கள் இருக்கின்றனவா என்று உங்கள் மகளைக் கேட்டேன். புதன்கிழமை மாலையில் ஒரு கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். வியாழன் காலை மேசையைத் துடைத்துவிட்டுப் பிரித்தேன். இரண்டு ஓரமும் துளை போட்ட நீளத் தாள்கள். பாலக் கோப்பின் அச்சுப் பிரதிகள் இரண்டு.

நம் பழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். எதை மாற்றினாலும் கோப்பின் தலைப்பில் எண் போட்டு, தேதி போட்டு, காரணத்தை ஆங்கிலத்தில் எழுதி, பெயரின் முதல் எழுத்தை வைக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது நான்தான். முதல் பிரதியில் ஏழாவது மாற்றம். உங்கள் திருவிழா விடுப்பின் இரண்டாம் நாள். பொருள் இது: "திருத்த அட்டவணை வாசிக்க மட்டுமே, எனவே அபார்ட். இரண்டு வரிகளும் ஒரே சீராக இருக்கும்படி அடுத்ததையும் மாற்றினேன்." கீழே முதல் எழுத்து.

என் முதல் எழுத்து.

நான் அதை முதலில் புரிந்துகொள்ளவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். நாம் இரண்டு வரிசைகளைச் சியிடம் கொடுத்தோம். ஒன்று, கருவியின் அளவைச் சரிப்படுத்தும் அட்டவணை. சி அதைப் பார்க்க மட்டும் செய்யும். அதற்கு அபார்ட் போடுவதில் தவறில்லை. மற்றொன்று, சி நூலின் அளவுகளை எழுதிக்கொண்டு வர வேண்டிய வரிசை. அதற்குப் பூஜ்யம்தான் போட வேண்டும். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிகள். ஒன்றில் ஒரு சொல், மற்றதில் வேறு சொல். என் கண்ணுக்கு அது உறுத்தியிருக்கிறது. ஒரே மாதிரி இருக்கட்டும் என்று மாற்றிவிட்டேன். அழகுக்காக, டீச்சர். நீங்கள் ஊரில் இல்லாத நாளில், உங்களைக் கேட்காமல்.

மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஓடியிருக்கிறது. நம் ஆய்வகத்துப் பழைய ஜாவா, சியை அடுப்படிக்கே உள்ளே விட்டது. அங்கே எதைத் திருப்பிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பானையில் இருப்பது பானையில்தான். மில்லின் புது ஜாவா சட்டியில் ஊற்றிக் கொடுத்தது. நான் உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் சட்டியை நீட்டியிருக்கிறேன்.

இவ்வளவையும் படித்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைக் குற்றவாளி என்று சொல்வதில்கூட நான் அவசரப்பட்டுவிடுகிறேனோ என்று சந்தேகம். பழைய மடிக்கணினியை எடுத்தேன். பத்து இடம் உள்ள ஒரு வரிசை. சி அதில் ஒன்று முதல் பத்துவரை எழுதும், பின் அபார்ட். ஜாவாவில் அச்சிட்டேன். பத்து பூஜ்யங்கள். திருப்பிக் கொடுக்கும் வரியில் பூஜ்யம் என்று மாற்றி ஓட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்துவரை வந்தது. மறுபடி அபார்ட். மறுபடி பத்து பூஜ்யங்கள். மூன்று தடவை செய்தேன். மூன்றாம் தடவை திரையில் வந்தது அன்று மில்லில் பார்த்த அதே நேர்கோடு என்று தோன்றியது.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துப் போச்சு? சுகர் கொறஞ்சிருச்சா?" என்று ஓடிவந்து வாயில் சீனியைப் போட்டாள் என் வீட்டுக்காரி. சீனியை மென்றுகொண்டே அடுத்த பிரதியை எடுத்தேன்.

இரண்டாம் பிரதி, நீங்கள் திருத்திய பிறகு எடுத்தது. எட்டாவது மாற்றம். பொருள்: "அளவுகள் வரிசைக்கு மறுபடி பூஜ்யம். என் பிழை." கீழே உங்கள் முதல் எழுத்து. அதற்கு மேலேயே என் ஏழாவது மாற்றம் அச்சாகியிருக்கிறது. நீங்கள் அதை அழிக்கவில்லை. அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு மட்டும்.

ஆக, மில்லில் கோப்பைத் திறந்த அந்த நிமிடமே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பி என்னைப் பார்த்தது அதற்காகத்தான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததால் உங்கள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியும், தெரிந்தே பேசாமல் நிற்கிறேன் என்று நினைத்தீர்களா? மறந்தே போயிருந்தேன் என்பதை நம்புவீர்களா? அதன்பிறகு அந்தக் கோப்பை நான் ஒருநாளும் திறக்கவில்லை. உங்கள் தவறைத் திறந்து பார்ப்பது மரியாதை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மரியாதையா, பயமா என்று இப்போது கேட்டால் பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை.

உங்கள்மேல் கோபமும் வருகிறது, மன்னியுங்கள். ஒரு மத்தியானம் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "அது நீங்க செஞ்சது சார்" என்று சொல்லியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பேன், பதவியை எழுதிக் கொடுத்திருப்பேன். அதற்காகத்தான் சொல்லவில்லையோ என்னவோ. எனக்குத் தெரியாது. கேட்க நீங்கள் இல்லை.

நேற்று மாலை உங்கள் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சொல்லி முடிக்க நேரமானது.

"அங்கிள், அம்மா எங்கிட்டயும் தான்தான் செஞ்சதாத்தான் சொல்லுச்சு" என்றாள். "இத ஞாயித்துக்கெழம அம்புட்டுப் பேருக்கு முன்னாடி சொல்லத்தான் வேணுமா? உங்களுக்கு ஒடம்பு வேற முடியல. அம்மாவே விட்டுருச்சு."

சொல்ல வேண்டாம் என்று அவள் சொன்ன அந்த நொடியில் எனக்கு நிம்மதி வந்தது. அதுவும் உண்மை, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த நிம்மதியைக் கண்டுதான் அதிகம் அரண்டேன். அறுபது எழுபது பேர், உங்கள் கையால் சி படித்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதையைக் கேட்டு மறுபடி சிரிப்பார்கள். கதையைச் சொல்வது நான். அதற்குப் பெயர் என்ன டீச்சர்?

"இல்லம்மா. சொல்லித்தான் ஆகணும்" என்றேன்.

"அப்பச் சொல்லுங்க அங்கிள். நான் முன்வரிசையில இருக்கேன். முடியலன்னா என்னயப் பாத்துச் சொல்லுங்க."

ஐந்தாவது ஒன்றுதான் மிச்சம். உங்களிடமிருந்து என்னிடம் தங்கியது துணிச்சல், பொறுமை என்றெல்லாம் திங்கட்கிழமை நினைத்திருந்தேன். உண்மையில் தங்கியது ஒரு நாற்காலி. எட்டு வருடம் அதில் உட்கார்ந்து உங்கள் விடுப்புக் கடிதங்களில் கையெழுத்திட்டேன். அதைத் திருப்பித் தர இப்போது வழியில்லை. இன்னொன்று இந்தத் தூக்குச் சட்டி. இதைத் தரலாம். துக்க வீட்டுக்கு அரிசி கொண்டுபோகலாம் என்று சொல்லி, என் வீட்டுக்காரி காலையில் ஒரு படி அரிசியை அளந்து போட்டாள். ஏழாவது மாற்றம் உள்ள தாளை நகல் எடுத்து, நாலாக மடித்து, அரிசிமேல் வைத்தேன்.

"பேப்பர எதுக்கு வைக்கிறீங்க?"

"அவுகளுக்குச் சேர வேண்டியது."

அவள் என்னைப் பார்த்தாள். மூடியை அழுத்தி மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மேலே உள்ள ஐந்து குறிப்புகளையும் எழுதியபடியே வாசிப்பேன். நான்காவதை வாசித்ததும் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்குவார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக் கூடாது என்று தாளின் ஓரத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, இதைச் சொல்வேன். இங்கே உங்களிடம் முதலில் சொல்லிப் பார்க்கிறேன்.

நான்காவது குறிப்பு தவறு. அந்த வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது நான்.